ரயில்வே கேட்டும் சட்டசபையும்

தேனிக்கு ரயில் திரும்பி வந்த கதையை அல்லிநகரத்துக்காரர் யாரிடமாவது கேட்டால், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்லுவார். அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோன வண்டி, 2022-ஆம் வருஷம் மே மாதத்திலேதான் மறுபடியும் மதுரையிலிருந்து கூவிக்கொண்டு வந்து சேர்ந்தது. இடையில் பதினோரு வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்ட குழந்தைகளுக்கு, ரயில் என்பது பாடப் புஸ்தகத்தில் அச்சடித்த ஒரு படம், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பத்தாம் வகுப்பில் பெரிய விவாதம் ஒன்று கிளம்பியது. ரயில்வே கேட்டு மூடியிருக்கும் சமயம் குனிந்து நுழைந்து வரலாமா, கூடாதா என்பதே விவாதத்துக்குரிய விஷயம். "வரலாம்" என்ற கட்சியில் பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். "கூடாது" என்ற கட்சியில் பெண்கள் இருந்தார்கள். பிரம்பு எடுக்கும் காலம் போய்விட்டபடியால், நாம் நியாயாதிபதியின் தோரணையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நீங்கள் இப்போது பேசிக்கொண்டிருப்பதற்குப் பெயர் அரசியல்" என்று சொல்லி வைத்தோம்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அதில் ஆச்சரியம் இல்லை. அரசியல் என்றால் கொடி, மாலை, ஒலிபெருக்கி, சுவரில் ஒட்டிய முகம் ஆகிய இவைதான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நம்மில் பெரியவர்களும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

சிரிப்பு அடங்கியதும், ரயில்வே கேட்டிலிருந்து புறப்பட்டு ஒரு ராஜ்யத்தின் தலைமைப் பதவிக்கே போய்ச் சேர்ந்த ஒரு ஸ்திரீயின் வரலாற்றைச் சொன்னோம். அவர் பெயர் மாடலின் கியூனின். பிறப்பால் யூதர்.

யூதர் என்றதும் எங்கேயோ இருப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். கம்பத்தைத் தாண்டிக் குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் கொச்சிக்குப் போனால், மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. 1568-ஆம் வருஷம் கட்டப்பட்ட அவர்களுடைய ஜெப ஆலயம் அங்கே இன்றும் நிற்கிறது. நம் தேசத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பாவிலோ, ஹிட்லரின் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

மாடலின் 1933-ஆம் வருஷம் ஸ்விட்சர்லாந்திலுள்ள ஜூரிச் நகரில் பிறந்தார். தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். சுற்றிலும் நாஜிப் படை பரவி வருவதைக் கண்ட தாயார், மகனையும் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு 1940-இல் கப்பலேறி அமெரிக்கா போனார். அப்போது மாடலினுக்கு ஏழு வயது கூட நிரம்பவில்லை. பாஷை தெரியாத தேசம். தாயார் ஒருவரின் உழைப்பிலே ஜீவனம். குழந்தைகள் இருவரும் படித்து முன்னுக்கு வந்தார்கள். மாடலின் பத்திரிகைத் தொழில் பயின்றார். ஒரு டாக்டரை மணந்தார். நான்கு குழந்தைகளுக்குத் தாயாகி, வெர்மான்ட் என்ற சிறிய மலை ராஜ்யத்தில் குடியேறினார்.

அவருடைய குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ரயில் பாதை குறுக்கிட்டது. அங்கே எச்சரிக்கை விளக்கு கிடையாது. தினந்தோறும் குழந்தை திரும்பி வரும் வரையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த சமாசாரம். மற்றத் தாய்மார்களைப் போல அவரும் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அந்த இடத்தில் விளக்கு வைக்க வேண்டுமென்று அதிகாரிகளிடம் மன்றாடினார். விளக்கு வந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் விடாமல் சொன்னால் காரியம் நடக்கிறது என்ற பாடத்தை அந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் அவர் படித்தார்.

1972-இல் வெர்மான்ட் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராஜ்யத்தின் வரவு செலவைப் பங்கிடும் கமிட்டிக்குத் தலைவரானார். 1978-இல் உதவிக் கவர்னர். 1982-இல் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி நின்றார், மயிரிழையில் ஜெயித்தார். அமெரிக்காவில் கவர்னர் என்பவர் நம் முதல் மந்திரியைப் போல ஜனங்களின் வோட்டால் வருகிறவர். 1985 முதல் 1991 வரை மூன்று தடவை அந்தப் பதவியை வகித்தார். வெர்மான்ட்டின் முதல் பெண் கவர்னர் அவர்தான். அமெரிக்க ராஜ்யம் ஒன்றுக்குக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் யூதப் பெண்ணும் அவரே. பள்ளிக்கூடங்களுக்கு அதிகப் பணம், மலையையும் காட்டையும் காப்பாற்றும் சட்டம், குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட்டு என்று அவர் செய்தவற்றையெல்லாம் பார்த்தால், அந்த ரயில் பாதை விளக்கின் ஞாபகம் அவரை விட்டுப் போகவில்லை என்று தோன்றுகிறது.

பிற்பாடு, 1996-இல், தாம் அகதியாகப் புறப்பட்டு வந்த அதே ஸ்விட்சர்லாந்துக்கே அமெரிக்காவின் ஸ்தானிகராகப் போனார். யுத்த காலத்து யூதர்கள் போட்டு வைத்த பணத்துக்கு ஸ்விஸ் பாங்குகள் கணக்குச் சொல்ல வேண்டுமென்ற பெரிய தகராறு அப்போது நடந்துகொண்டிருந்தது. கேட்பாரற்றுக் கிடந்த கணக்குகளின் ஜாபிதா பத்திரிகைகளில் வெளியாயிற்று. அதில் தம் தாயாரின் பெயரையும் அவர் கண்டார்!

கதை முடிந்தது. வகுப்பில் சிறிது நேரம் நிசப்தம். முதலில் "கேட்டு அரசியலா சார்?" என்று கேட்டுச் சிரித்த முன் பெஞ்சுப் பெண்தான் இப்போது எழுந்தாள்.

"அது அமெரிக்கா சார். நம்ம ஊர்ல அப்படி யாரு இருக்காக?"

நல்ல கேள்வி. நாம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டோம்: "முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேட்டிருக்கிறாயா?"

"தெரியும் சார்! எங்க அக்கா மாசமா இருந்தப்ப முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துச்சு."

நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்து வரும் மகப்பேறு உதவித் தொகைக்கு அந்த அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2018-இல் அது ரொக்கமும் ஊட்டச்சத்துச் சாமான்களுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது. ஆகவே அந்தப் பெயர் பாங்குப் பாஸ் புஸ்தகத்தின் வழியாக வீட்டுக்கு வீடு போய்விட்டது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் பணம் அல்ல, ஒரு மனுஷி என்பது மாத்திரம் போய்ச் சேரவில்லை.

அந்த மனுஷியின் கதையைச் சொன்னோம்.

1886-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ஆம் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கலாசாலையின் தலைமை ஆசிரியராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். தகப்பனார் மேல் குலத்தவர்; தாயாரோ கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமுள்ள குலத்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணை ஊர் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மாடலினைத் தேசம் விட்டுத் துரத்தினார்கள். முத்துலட்சுமியைத் துரத்தவில்லை, ஊருக்குள்ளேயே வைத்து, நீ வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெண் படிக்க விரும்பினாள். ஆண் பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கலாசாலையில் ஒரு பெண்ணுக்கு இடமா என்று ஆட்சேபம் பலமாக எழுந்தது. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தாமே உத்தரவு கொடுத்துச் சேர்க்கச் செய்தார். அங்கே ஒரே ஒரு மாணவி. பிறகு 1907-இல் சென்னை மருத்துவக் கலாசாலை, 1912-இல் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை விவாகம் செய்துகொண்டபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். சீர்வரிசையைப் பற்றி மாத்திரமே முன்கூட்டிப் பேசுகிற நமக்கு இது புதுமையாக இருக்கலாம்.

1926-ஆம் வருஷக் கடைசியில், சென்னைச் சட்டசபைக்கு அவரை அங்கத்தினராக நியமித்தார்கள். அந்தச் சபையில் அவர்தான் முதல் பெண். 1927-இல் சபையார் ஏகமனதாக அவரை உபதலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவில் அத்தகைய ஆசனத்தில் அமர்ந்த முதல் ஸ்திரீ அவரே. அத்தனை தலைப்பாகைகளுக்கு நடுவில் ஒரு புடைவை!

அந்தப் புடைவையை ஒரு அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது எண்ணியிருந்தால் ஏமாந்துதான் போயிருப்பார்கள். பெண் பிள்ளைகளின் படிப்புக்குச் சலுகை வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். பால்ய விவாகத்தைத் தடுக்க வேண்டும் என்றார். இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927-இல் பிரேரணை கொண்டுவந்தார்.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அவர் நினைத்திருந்தால் தாயாரின் குலத்தை மறந்துவிட்டிருக்கலாம். டாக்டர் பட்டம், நல்ல குடும்பம், சட்டசபை ஆசனம் எல்லாம் கிடைத்த பிறகு, பழைய காயத்தைத் திறந்து காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? எதிர்த்தவர்களும் சாமானியமானவர்கள் அல்ல. மதத்துக்கு ஹானி என்றார்கள் சிலர். சங்கீதமும் நாட்டியமும் அழிந்துவிடும் என்றார்கள் வேறு சிலர். அவர்களில் தேசபக்தர்களும் இருந்தார்கள். அந்தக் குலத்துப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் தங்கள் ஜீவனம் போய்விடும் என்று விண்ணப்பம் போட்டார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்திருந்த இனாம் நிலம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

முத்துலட்சுமி அம்மையார் அந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் நமக்கு மிகவும் பிடித்தது. 1929-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனை போயிற்று. ஊழியத்திலிருந்து விடுதலை, நிலம் அவர்களுக்கே. பட்டினி போடாமல் தளையை வெட்ட வேண்டுமென்பது, தளையின் வலியையும் பட்டினியின் பயத்தையும் சேர்த்து அறிந்தவர்களுக்குத்தான் தோன்றும். வெளியில் நின்று தர்மம் பேசுகிறவர்களுக்குத் தளை மட்டும் கண்ணில் படும், நிலம் படாது. சபைக்கு வெளியே, அதே துன்பத்தில் உழன்று மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். பொட்டுக் கட்டுவதையே முழுவதும் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. முதல் பிரேரணைக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையில் இருபது வருஷம்! பரீட்சை எழுதிய மறு நாளே மார்க்குக் கேட்கிற நம் மாணவர்களுக்கு இந்தக் கணக்கையும் சொல்லி வைத்தோம்.

1930-இல் மகாத்மா காந்தி சிறைப்பட்டதும், அம்மையார் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார். அவ்வளவு பாடுபட்டு அடைந்த ஆசனத்தை விட்டு எழுந்திருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக ஔவை இல்லத்தை ஆரம்பித்தார். தங்கை புற்றுநோயால் இறந்த துக்கத்தை மறவாமல், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968-இல் காலமானார். அந்த ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கும் நம் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளிகள் ரயிலேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கலைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் மேஜைக்கு அருகில் வந்து நின்றாள். எதையோ சொல்லத் தயங்கினாள்.

"எங்க அம்மாவும் மெம்பர்தான் சார். ஆனா கூட்டத்துக்கு அப்பாதான் போவாக."

தமிழ்நாட்டில் உள்ளாட்சி ஆசனங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் நிறைவேறியது. 2019 டிசம்பரில் நடந்த கிராம ஊராட்சித் தேர்தலில் அவளுடைய தாயார் ஒரு வார்டுக்கு நின்று ஜெயித்திருந்தார். நோட்டீஸில் அச்சிட்டது அம்மாவின் பெயர். கூட்டத்தில் நாற்காலி போட்டது அப்பாவுக்கு. கையெழுத்துக்கு நோட்டுப் புஸ்தகம் மட்டும் சமையலறைக்கு வந்து போகும்.

நம் பள்ளத்தாக்குக்கு ஸ்திரீகளின் அரசியல் புதிதல்ல. 1989-ஆம் வருஷத் தேர்தலில் போடிநாயக்கனூரில் ஜெயித்துத்தான் ஜெயலலிதா தமிழ்நாட்டுச் சட்டசபையின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். அதே தேர்தலில், முந்தின வருஷம் முதல் பெண் முதல் மந்திரியாக இருந்த ஜானகி ராமச்சந்திரன், பக்கத்து ஆண்டிப்பட்டியில் நின்று தோற்றார். பெண்ணுக்கு வோட்டுப் போடவும் நமக்குத் தெரியும். போடாமல் இருக்கவும் தெரியும். வோட்டுப் போட்டு உட்கார வைத்த பெண்ணை நாற்காலியில் இருந்து பேச விடுவதற்குத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

அந்தப் பெண்ணின் தகப்பனாரை மனத்துக்குள் நன்றாகக் கண்டித்துவிட்டு, நாம் பெருமிதத்தோடு ஆசிரியர் அறைக்குத் திரும்பினோம். மேஜையின் மீது, பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதங்கள் இருந்தன. முந்தின நாள் நம் கையாலேயே எழுதியவை. அறுபதுக்கு மேற்பட்ட கடிதங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'திரு.' என்று போட்டுத் தகப்பனாரின் பெயரை எழுதியிருந்தோம். தகப்பனார் இல்லாத குழந்தைகளுக்கு மாத்திரம் தாயாரின் பெயர். நாம் பட்டம் பெற்றவர். இருபது வருஷங்களாகப் பெண் கல்வியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர். நம் பேனாவுக்கு அது எட்டவில்லை!

அன்று மாலை உட்கார்ந்து அத்தனை கடிதங்களையும் மறுபடி எழுதினோம். கை வலித்தது. இருபது வருஷத் தவறுக்கு அந்த வலி போதாது என்றே தோன்றியது.

கூட்டத்துக்கு அந்த மெம்பர் அம்மாள் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளின் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "உங்கள் வார்டில் குழந்தைகளுக்கு எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "கம்மாக்கரைப் பாதையில விளக்கு இல்ல சார். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு பொண்ணுங்க வர்றப்ப இருட்டிருது. அதுக்குத்தான் பத்தாவதோட நிறுத்திருவோம்னு இவங்க அப்பா சொல்றாக" என்றார்.

எங்கேயோ வெர்மான்ட்டில் எரிந்த விளக்கு நம் நினைவுக்கு வந்தது. "இதைக் கூட்டத்தில் யார் சொல்வது நல்லது? இருட்டில் பெண்ணுக்காக வாசலில் காத்திருக்கிறவரா, மற்றவரா?" என்று மட்டும் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அதற்கும் அடுத்ததற்குப் போனார். மகளும் கூடப் போய் வாசலில் நின்றாளாம். அம்மா பேசியது இரண்டு வாக்கியம் என்று மறு நாள் வந்து சொன்னாள். மூன்று விளக்குக் கேட்டார். வருஷம் ஒன்று கழித்து ஒன்று வந்தது. அதுவும் மழைக் காலத்தில் அடிக்கடி அணைந்துவிடும். 2025 ஜனவரியில் அவருடைய பதவிக் காலம் முடிந்தது. மற்ற இரண்டு கம்பங்களும் காகிதத்தோடு நின்றுவிட்டன.

பெண் பத்தாவதோடு நிற்கவில்லை. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, கலாசாலையில் சேர்ந்தாள். சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-இல் ஆரம்பமாயிற்று. அதற்கு வைத்திருக்கும் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. முதல் மாதப் பணம் வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நம்மிடம் சொன்னாள். "இவுக யாருன்னு நீங்க சொல்லிட்டீங்க சார். ஹாஸ்டல்ல மத்தவங்களுக்கு நான்தான் சொன்னேன்" என்றாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அடுத்த ஊராட்சித் தேர்தல் வந்தால் அம்மா மறுபடியும் நிற்கப் போகிறாராம். மற்ற இரண்டு விளக்குகள் பாக்கி இருக்கின்றனவாம்.